தாருக்கு எமன் தண்ணீர்!

மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை என்று தமிழ்நாட்டு நெடுஞ்சாலை இலாகாவின் பொறுப்பில் இருக்கும் சாலைகள் 60,000 கிலோமீட்டருக்கு மேல். அத்தனையையும் ஒரே கோடாக நீட்டிப் போட்டால் பூமியை ஒன்றரைத் தடவை சுற்றி வரலாம்!

இவ்வளவு சாலையையும் காப்பது யார்?

மந்திரியா? என்ஜினீயரா? ரோடு ரோலரா?

அவர்களும்தான். ஆனால், அடைமழையில் தலையில் ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு, மண்வெட்டியோடு மதகு வாயில் ஒருவர் நிற்பார். பஸ்ஸில் போகிறவர்கள் அவரைப் பார்த்திருப்பார்கள். அவர் அங்கே நிற்காவிட்டால், மற்றவர்கள் கோடி கோடியாகக் கொட்டிச் செய்த வேலை தண்ணீரோடு போய்விடும்.

சர்க்கார் பதிவேட்டில் அவருக்குச் 'சாலைப் பணியாளர்' என்று பெயர். பழைய நாளில் 'கேங் கூலி' என்றார்கள். ஊர்ப்பக்கம் இன்றும் 'ரோட்டு வேலைக்காரர்' என்றுதான் சொல்கிறார்கள்.

புதுச் சாலைக்குத் திறப்பு விழா உண்டு. மேளம் உண்டு, மாலை உண்டு. பழைய சாலையைக் கெடாமல் வைத்திருக்கும் வேலைக்கு விழா கிடையாது. குழி விழாமல் இருந்தால் யாரும் அவரை நினைப்பதில்லை. குழி விழுந்துவிட்டால் மட்டும் எல்லோரும் நினைக்கிறார்கள்!

குழி எப்படிப் பிறக்கிறது?

"ரோடு போட்டு ஆறு மாசம் ஆகலை. அதுக்குள்ளே குழியா?" என்று டீக்கடையில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மோசமாகப் போட்ட சாலை சீக்கிரம் கெடும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால், ஒழுங்காகப் போட்ட சாலையும் ஒரே மழைக்காலத்தில் கெட்டுப் போவது உண்டு. அதற்குக் காரணம், பெரும்பாலும் தண்ணீர்.

தார் என்பது ஒரு பசை. ஜல்லிக் கற்களை ஒன்றோடு ஒன்று பிடித்து வைத்திருக்கும் பசை. வெயிலையும் லாரிச் சுமையையும் அது தாங்கிக்கொள்ளும். தேங்கி நிற்கும் தண்ணீரை மட்டும் அதனால் தாங்க முடியாது. தாருக்கும் கல்லுக்கும் நடுவில் தண்ணீர் புகுந்தால் பிடிப்பு விட்டுப் போகும். மேலே ஒரு சக்கரம் ஏறும். ஒரு கல் பெயரும். அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். இன்னும் நாலு கல் பெயரும். திங்கட்கிழமை எலுமிச்சம்பழம் அளவு இருந்த ஓட்டை, மறு திங்கட்கிழமை அண்டா அளவு ஆகிவிடும்!

அதனால்தான் சாலையை மேசை போலச் சமமாகப் போடுவதில்லை. நடுப்பகுதி சற்று மேடாகவும், இரண்டு ஓரமும் சற்றுத் தாழ்வாகவும் இருக்கும். நூறு அடிக்கு இரண்டரை அடி என்பது மழை மிகுந்த இடத்துக்குரிய வாட்டம். இரண்டு வண்டிகள் ஒதுங்கிப் போகும் சாலைக்கு 7 மீட்டர் அகலம். அதில் நடுப்பகுதி ஓரத்தைவிட ஏறக்குறைய நான்கு விரல் அகலம் உயர்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. தண்ணீருக்குத் தெரியும்!

நடுவில் விழுந்த மழை ஓரத்துக்கு வரவேண்டும். ஓரத்தைத் தாண்டி மண்ணில் இறங்கவேண்டும். மண்ணிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து மதகுக்கும் போகவேண்டும். இந்த வழியில் எந்த இடம் அடைபட்டாலும் தண்ணீர் திரும்பிச் சாலைக்கே வந்துவிடும்.

அடைபடும் இடம் ஒன்றா, இரண்டா? சாலை ஓரத்து மண்ணில் புல் முளைக்கிறது. புல்லில் தூசி படிகிறது. வருடா வருடம் ஓரம் உயர்ந்துகொண்டே போய், தாரைவிட மேடாகிவிடுகிறது. அப்புறம் தண்ணீர் எப்படி வெளியேறும்? சாலைப் பணியாளர் மண்வெட்டியால் அந்த ஓரத்தைச் சீவிச் சாய்த்து விடுகிறார். 'பெர்ம் வெட்டுவது' என்று இந்த வேலைக்குப் பெயர். வழியில் போகிறவர்களுக்குப் புல் செதுக்குவது போலத் தோன்றும். உண்மையில் சாலையின் ஆயுள் அந்த மண்வெட்டி முனையில்தான் இருக்கிறது.

ஒரு குழியை எப்படி அடைப்பது?

அதில் என்ன இருக்கிறது, கொஞ்சம் ஜல்லியையும் தாரையும் கொட்டி மிதித்தால் போயிற்று என்று நினைக்கலாம். அப்படிக் கொட்டிய ஒட்டு நாலு நாள் கூட நிற்காது.

முதலில் குழியைச் சதுரமாக வெட்டவேண்டும். ஆடிப்போன கல் எல்லாம் வெளியே வரவேண்டும். பக்கங்கள் செங்குத்தாக நிற்கவேண்டும். துணியில் ஒட்டுப் போடும் தையற்காரர் கிழிசலைச் சுற்றி நேராக வெட்டிக்கொள்கிறார் அல்லவா? அதைப் போலத்தான். பிறகு தூசி போகத் துடைப்பத்தால் பெருக்கவேண்டும். ஈரம் இருந்தால் காய விடவேண்டும். அடியிலும் பக்கங்களிலும் சூடான தாரைத் தடவி, அதன்மேல் தார் கலந்த சிறு ஜல்லியைக் கொட்டவேண்டும். திமிசால் இடிக்கவேண்டும். பெரிய வேலையாக இருந்தால் ரோலர் வரும். சாலை மட்டத்துக்கு ஒரு நூல் மேலே இருக்கும்படி விட்டால், வண்டிகள் ஏறி ஏறிச் சமமாகிவிடும்.

அந்தத் தார்க் கலவை ஏறத்தாழ 150 டிகிரி சூட்டில் இருக்கும். கொதிக்கிற தண்ணீரின் சூடு 100 டிகிரிதான். தண்ணீர் பட்டால் வழிந்துவிடும். தார் பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

புதுச் சாலை போடும் இடங்களில் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். தலையில் பாண்டு, முகத்தில் துணி, காலில் சாக்குச் சுற்று. இந்தச் சாக்கைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. ஒரு கிலோமீட்டர் சாலை போட எவ்வளவோ செலவாகிறது. அதில் ஒரு ஜோடி பூட்சுக்குப் பணம் இல்லையா?

கப்பி ரோடு முதல் இன்று வரை

சாலைக்கென்று தனி இலாகா எப்போது வந்தது?

ராணி மங்கம்மாள் மதுரையை ஆண்டு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் போட்ட சாலைகளுக்கு 'மங்கம்மா சாலை' என்ற பெயர் தென்பாண்டி நாட்டில் இன்னும் வழங்குகிறது. பிறகு வெள்ளைக்காரர் காலத்தில் சாலைகளைப் பொதுப்பணி இலாகாவும் ஜில்லா போர்டுகளும் பார்த்துக்கொண்டன. 1943-ல் நாகபுரியில் இந்தியாவின் தலைமைப் பொறியாளர்கள் கூடினார்கள். தேசிய நெடுஞ்சாலை, மாகாண நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, கிராமச் சாலை என்று வகை பிரித்துத் திட்டம் போட்டார்கள். அதன் பின் 1946-ல் சென்னை மாகாணத்தில் நெடுஞ்சாலைக்கென்று தனி இலாகா தோன்றியது.

அப்போது பெரும்பாலும் கப்பி ரோடுதான். கல்லை உடைத்துப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலரால் நசுக்குவார்கள். மாட்டு வண்டியின் இரும்புப் பட்டா அதை அரைத்துத் தூளாக்கும். மறுபடியும் கல், மறுபடியும் தண்ணீர். தார் வந்த பிறகு புழுதி போயிற்று. வேலை போகவில்லை!

சாலை ஓரத்துக் கற்களைச் சிறுவர்கள் எண்ணிக்கொண்டே போவார்கள். அவற்றின் நிறத்துக்கும் பொருள் உண்டு. கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் அது தேசிய நெடுஞ்சாலை. பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. ஆரஞ்சு நிறம் கிராமச் சாலைக்கு. அந்தக் கற்களுக்கு வண்ணம் அடிப்பதும், வளைவில் நிற்கும் காப்புக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பதும், அறிவிப்புப் பலகையை மறைக்கும் முட்செடியை வெட்டுவதும் சாலைப் பணியாளரின் வேலைதான்.

புளிய மரங்களும் அவர் பொறுப்பு. நெடுஞ்சாலையில் நிற்கும் மரங்களின் மேல் எண் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அவை இலாகாவின் கணக்கில் உள்ள மரங்கள். புளியம்பழத்தை ஏலம் விட்டு, அந்தப் பணத்தைச் சர்க்கார் கஜானாவில் சேர்ப்பார்கள். மரத்தில் பூசிய வெள்ளைப் பட்டை, இரவில் வண்டி ஓட்டுகிறவருக்குச் சாலையின் ஓரத்தைக் காட்டும்.

ஊரறிந்த சாதனைகள்

இலாகாவின் பெரிய சாதனைகள் பலருக்கும் தெரிந்தவை. பாம்பனில் கடலுக்கு மேல் கட்டிய சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2-ந்தேதி திறக்கப்பட்டது. அடிக்கல் நாட்டியது 1974-ல். நீளம் 2.3 கிலோமீட்டருக்கு மேல். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். எண்ணிக்கொண்டே ஏறினால் தலை சுற்றும்! 1964 டிசம்பர்ப் புயல் விழுங்கிய தனுஷ்கோடியில், அரிச்சல்முனை வரை 2017-ல் சாலை திறக்கப்பட்டது. அங்கே இரண்டு பக்கமும் கடல். காற்று மணலை வாரிக்கொண்டு வந்து சாலைமேல் போடுகிறது. அள்ளிப் போட்டால் மறுபடியும் கொண்டு வருகிறது. அதை அள்ளுகிற ஆளின் வேலைக்கு முடிவே கிடையாது.

கிண்டியில் இலாகாவுக்கு ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மண்ணையும் கல்லையும் தாரையும் அங்கே சோதிக்கிறார்கள். எந்த மண்ணில் எவ்வளவு கனம் ஜல்லி போடவேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. கரிசல் மண் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். செம்மண்ணுக்குப் போட்ட கணக்கைக் கரிசலில் போட்டால் சாலை அலை அலையாகிவிடும். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவேண்டியதில்லை!

புயல் அடித்த மறுநாள்

ஊரறியாத சாதனைகள் வேறு. அவை புயலுக்கு மறுநாள் நடப்பவை.

2018 நவம்பர் 16-ந்தேதி அதிகாலையில் வேதாரண்யம் அருகே 'கஜா' புயல் கரை ஏறியது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னை மரங்கள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன.

விடிந்ததும் எல்லோரும் கேட்டது மின்சாரம், குடிதண்ணீர், பால், அரிசி. எதைக் கொண்டுவருவதானாலும் லாரி வரவேண்டும். லாரி வரச் சாலை வேண்டும். சாலையின் குறுக்கே மரம் கிடக்கிறது. ஒன்றல்ல, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மரம்!

அன்று முதலில் களத்தில் இறங்கியவர்களில் சாலைப் பணியாளர்களும் இருந்தார்கள். வெளி மாவட்டங்களில் இருந்தும் ஆட்களும் கருவிகளும் போயின. இந்த வேலைக்கு ஒரு முறை இருக்கிறது. மரத்தை நடுவில் வெட்டக்கூடாது. முறுக்கிக்கொண்டு கிடக்கும் கிளை, வெட்டியதும் வில் போல விடுபட்டு ஆளை அடிக்கும். அதனால் முதலில் சிறு கிளைகளைக் கழிக்கவேண்டும். பிறகு மின்ரம்பத்தால் அடிமரத்தைத் துண்டு போடவேண்டும். அந்தத் துண்டுகளை மண் அள்ளும் இயந்திரம் ஓரத்துக்குத் தள்ளும். மரத்தோடு மின்கம்பியும் பின்னிக் கிடந்தால், மின்சாரம் நிறுத்தப்பட்டதா என்று கேட்டு உறுதி செய்யாமல் கை வைக்கக்கூடாது. முதலில் ஒரு வண்டி போகும் அளவு வழி. ஆம்புலன்ஸ் போகட்டும். பிறகு முழு அகலம். முதலில் பெரிய சாலை, அப்புறம் கிளைச் சாலை, அப்புறம் கிராமம்.

அப்படி வேலை செய்தவர்களில் பலர் அந்த மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கும் வீடு உண்டு, தென்னை உண்டு. தன் வீட்டுக் கூரை என்ன ஆயிற்று என்று போய்ப் பார்க்காமல் அடுத்த ஊர் மரத்தை வெட்டுவது என்றால் எளிதா?

மலையில் கதை வேறு. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையில் மண் சரிந்து, நாற்பது பேருக்கு மேல் மாண்டார்கள். மலைச் சாலைகள் பல இடங்களில் அறுந்தன. மலைச் சாலைக்கு ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பாறைப் பக்கத்து வாய்க்கால் இலைச் சருகால் அடைபட்டால் தண்ணீர் சாலைக்கு அடியில் இறங்கும். தடுப்புச் சுவரில் சிறு சிறு துவாரங்கள் இருக்கும். மண்ணுக்குள் இறங்கிய நீர் அதன் வழியாகத்தான் வெளியேறவேண்டும். துவாரம் தூர்ந்தால் நீர் உள்ளேயே நின்று சுவரைத் தள்ளும். ஒரு கம்பியை வைத்து அந்தத் துவாரங்களைக் குத்தி விடுவது ஒருவருடைய வேலை. சம்பளம் சிறிது, வேலையும் பார்வைக்குச் சிறிது. அந்த வழியே போகும் ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர் இருக்கிறார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களை மழை புரட்டிப் போட்டது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மூன்று அடி உயரம்! தூத்துக்குடிப் பக்கத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைவிட இது அதிகம். அந்த அளவு நீருக்கு எந்த மதகும் ஈடு கொடுக்காது. சாலைகள் பல இடங்களில் உடைந்தன. உடைப்பில் மணல் மூட்டைகளை அடுக்கி, ஹியூம் குழாய்களைப் பதித்து, மேலே கிராவல் கொட்டித் தற்காலிக வழி போடுவதுதான் அப்போது செய்யக்கூடியது. தண்ணீர் வடியும் முன்பே அந்த வேலை தொடங்கவேண்டும். ஓடும் நீரில் இடுப்பளவு நின்று மூட்டை அடுக்குகிறவரை யாரும் படம் எடுத்து மாட்டுவதில்லை.

நாற்பத்தொரு மாதம்

இந்தத் தொழிலாளர்களின் வாழ்க்கையில் ஒரு கசப்பான ஏடு உண்டு.

1997-ல் ஏறத்தாழ 10,000 பேர் சாலைப் பணியாளர்களாக வேலைக்குச் சேர்க்கப்பட்டார்கள். கிராமத்து இளைஞர்கள். சர்க்கார் உத்தியோகம் கிடைத்தது என்று குடும்பங்கள் மகிழ்ந்தன. கலியாணம் செய்தார்கள், கடன் வாங்கி வீடு கட்டினார்கள்.

2002 செப்டம்பரில் அத்தனை பேரையும் வேலையிலிருந்து நீக்கி உத்தரவு வந்தது. சம்பளம் நின்றது. தவணை நிற்கவில்லை. போராட்டங்கள் நடந்தன. கோர்ட்டுக்கும் போனார்கள். 2006 பிப்ரவரியில்தான் மறுபடியும் வேலை கிடைத்தது. நடுவில் போனது 41 மாதம்.

வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால், அந்த 41 மாதம் பணிக்கணக்கில் சேருமா என்ற கேள்வி பின்னாலேயே வந்தது. பணிக்காலம் குறைந்தால் ஓய்வுக்காலப் பலனும் குறையும். அதைச் சேர்க்கக் கோரிச் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்தன, ஊர்வலம் போயின, வழக்கு நடத்தின. இளைஞராக வேலைக்குச் சேர்ந்து, நரைத்த தலையோடு அதே கோரிக்கைக்காக மாவட்டத் தலைநகரில் வெயிலில் உட்கார்ந்தவர்கள் ஏராளம். எந்தக் கட்சி ஆட்சி, எந்தக் கட்சி நீக்கியது என்ற வாதம் அரசியல்வாதிகளுக்கு. வீட்டில் அடுப்பு எரியாமல் இருந்தது தொழிலாளிக்குத்தான்.

1997-ல் இருபது வயதில் சேர்ந்தவருக்கு இப்போது ஐம்பதை ஒட்டிய வயது. முப்பத்தைந்தில் சேர்ந்தவர் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டார். அவர்கள் இடத்துக்கு யார் வருகிறார்கள் என்பதுதான் கேள்வி.

ஒப்பந்தக்காரர் வந்தால்?

சில கோட்டங்களில் புது முறை வந்திருக்கிறது. பொள்ளாச்சியில்தான் முதலில் நடைமுறைக்கு வந்தது. பல நூறு கிலோமீட்டர் சாலையைச் சேர்த்து, சில ஆண்டுகளுக்குப் பராமரிக்கும் பொறுப்பை ஒரே ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைப்பார்கள். எத்தனை குழி அடைத்தார் என்று எண்ணிப் பணம் கொடுப்பதில்லை. சாலை நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் பணம்.

இதில் நியாயம் இருக்கிறது. குழியை எண்ணிப் பணம் கொடுத்தால் குழி பெருகத்தானே செய்யும்! ஒப்பந்தக்காரரிடம் நல்ல இயந்திரங்களும் இருக்கும். முறையைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

ஆனால், ஒரு சாலையின் தண்ணீர் எங்கே நிற்கும் என்பது எந்த இயந்திரத்துக்கும் தெரியாது. இருபத்தைந்து வருடம் அதே சாலையில் நடந்த மனிதருக்குத் தெரியும். எந்த மதகு ஐப்பசி முதல் மழையிலேயே அடைபடும், எந்த ஏரி நிரம்பினால் எந்தப் பள்ளத்தில் நீர் ஏறும், எந்த வளைவில் இரவில் மாடு படுத்திருக்கும், எந்தப் புதரை வெட்டுமுன் கம்பால் தட்டிப் பாம்பு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்! இவை கோப்பில் எழுதப்படாதவை. அவர் ஓய்வு பெறும் நாளில் ஒரு சால்வை போர்த்துகிறார்கள். இந்த அறிவும் சால்வையோடு வீட்டுக்குப் போய்விடுகிறது.

இலாகா ஒரு காரியம் செய்யலாம். செலவு அதிகம் ஆகாது. ஓய்வு பெறப் போகிற ஒவ்வொரு சாலைப் பணியாளரோடும், அவர் பார்த்த நீளம் முழுவதும், நல்ல மழை நாளில் ஓர் இளைஞரை நடக்க விடலாம். சாலை ஆய்வாளர் கூடவே போய், பெரியவர் காட்டும் இடங்களை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளலாம். கிலோமீட்டர்க் கல் எண், மதகு, தண்ணீர் வரும் திசை. இவ்வளவுதான் எழுதவேண்டும். நாளை அந்தச் சாலை ஒப்பந்தக்காரரிடம் போனாலும், அந்த நோட்டும் கூடப் போகட்டும்.

அதற்கு முதலில் அந்த இளைஞர் வேண்டும். காலியாகும் இடங்களை நிரப்பாமல் விட்டால் நோட்டை யாரிடம் கொடுப்பது?

ஊராரும் கொஞ்சம் பார்க்கவேண்டும்

சாலை கெட்டால் இலாகாவைத் திட்டுகிறோம். மதகுக்குள் இருப்பதை அள்ளி வெளியே போட்டுப் பார்த்தால், திட்டு பாதியில் நின்றுவிடும். பிளாஸ்டிக் பை, தேங்காய் மட்டை, கோழி இறகு, உடைந்த கட்டில் கால், கலியாண வீட்டு இலை. இவற்றைப் போட்டது இலாகா அல்ல!

கடை வைத்திருப்பவர்கள் வாசலுக்கு வண்டி வரவேண்டும் என்று சாலையோர வாய்க்காலில் மண்ணைக் கொட்டி மூடுகிறார்கள். அடியில் ஒரு குழாய் கூடப் போடுவதில்லை. பந்தலுக்குக் கால் நடத் தார்ச் சாலையில் கடப்பாரையால் குழி போடுகிறார்கள். பந்தல் பிரிக்கப்படும், குழி இருக்கும். முதல் மழையில் அங்கே ஆரம்பிக்கிறது வினை. குடிநீர்க் குழாய்க்காகச் சாலையைக் குறுக்கே வெட்டி, வெறும் மண்ணைத் தள்ளி மூடுகிற வழக்கமும் இருக்கிறது. வெட்டுவதற்கு அனுமதி வாங்கவேண்டும், திருப்பிச் செப்பனிடப் பணம் கட்டவேண்டும்.

மதகை அடைக்கும் அந்தப் பிளாஸ்டிக் பையையே சாலைக்குப் பயன்படுத்தலாம் என்று காட்டியவர் ஒரு தமிழர். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வாசுதேவன். கழிவுப் பிளாஸ்டிக்கைத் துண்டு துண்டாக வெட்டி, சூடேற்றிய ஜல்லியின்மேல் தூவினால், அது உருகிக் கல்லைச் சுற்றி மெல்லிய போர்வையாகப் படியும். அதன்மேல் தாரைக் கலந்தால் பிடிப்பு பலமாகும். கல்லுக்கும் தாருக்கும் நடுவில் தண்ணீர் எளிதில் புக முடியாது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தமிழ்நாட்டில் பல சாலைகள் இந்த முறையில் போடப்பட்டிருக்கின்றன.

சிவப்புக் கொடி தெரிந்தால்

2023-ல் இலாகா 'நம்ம சாலை' என்ற கைப்பேசிச் செயலியை வெளியிட்டது. குழியைப் படம் எடுத்து அனுப்பினால், மாநில நெடுஞ்சாலை என்றால் 24 மணி நேரத்திலும், மாவட்டச் சாலை என்றால் 72 மணி நேரத்திலும் சரிசெய்வதாக அறிவித்தார்கள். நல்ல ஏற்பாடு. படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பெரியவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கலாம். படத்தோடு, பக்கத்தில் மதகு அடைபட்டிருந்தால் அதையும் சேர்த்து அனுப்பினால் இன்னும் நல்லது.

படம் போய்ச் சேர்ந்ததும், தார்க் கலவையோடு ஆட்கள் சாலையில் இறங்குவார்கள். இந்த இடத்தில்தான் ஆபத்து. குனிந்து வேலை செய்கிறவருக்கு முதுகுப் பக்கம் வண்டி வருவது தெரியாது. அதற்காக ஒருவர் முன்னால் சிவப்புக் கொடி பிடித்து நிற்பார். ஒளிரும் மேற்சட்டை, கூம்பு வடிவத் தடுப்பு எல்லாம் வைக்கவேண்டும் என்பது விதி. அவற்றை ஒவ்வொரு குழுவுக்கும் போதுமான அளவு கொடுப்பது இலாகாவின் கடமை. கொடியைக் கண்டதும் வேகத்தைக் குறைப்பது வண்டி ஓட்டுகிறவர் கடமை. பல வண்டிகள் கொடியைப் பார்த்தும் குறைப்பதில்லை. ஆரனை அடித்துக்கொண்டே பறக்கின்றன.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முந்தின வாரங்களில் எல்லா மாவட்டங்களிலும் மதகு தூர் எடுக்கும் வேலை நடக்கும். மணல் மூட்டை கட்டுவார்கள். மின்ரம்பத்துக்கு எண்ணெய் போட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். மதகுக்குள் ஓர் ஆள் இறங்கி இருப்பார். சாலைமேல் தெரிவது அவருடைய செருப்பும், சாப்பாட்டுத் தூக்கும், ஒரு கம்பில் கட்டிய சிவப்புத் துணியும்தான்.